வேலைக்கும் படிப்புக்கும் திரும்பும் அம்மாக்களுக்கு: தாய்ப்பாலும் டப்பா பாலும் சேர்த்துக் கொடுப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களில் இருபது வருடத்துக்கு மேல் கிராம சுகாதார செவிலியராக இருந்தேன். புதன்கிழமை தடுப்பூசி நாள். ஊசி போட்டு முடித்து, அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு கிளம்பும்போது வாசலில் நின்றுதான் அந்தப் பேச்சை எடுப்பார்கள்: "நர்சம்மா, அடுத்த மாசம் கம்பெனிக்குப் போகணும். பாலுக்கு என்ன பண்றது?" ஆம்பூர் ஷூ கம்பெனி வேனில் போகிறவர்கள், விடியற்காலையில் காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் வருகிறவர்கள், பி.எட். படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வேலூர் ஆஸ்பத்திரிகளில் ஷிப்ட் பார்க்கும் நர்சுகள் என எல்லோருக்கும் சந்தேகம் ஒன்றுதான்.

அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதியிருக்கிறேன். டப்பா பால் என்று சொல்வது, கைக்குழந்தைகளுக்கென்றே டப்பாவில் விற்கும் பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் கொடுக்கும் பாலை. பதில்கள் நிறைமாதத்தில் பிறந்து ஒழுங்காக எடை ஏறிவரும் பிள்ளைகளுக்கு. குறைமாதப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை, வேறு நோய் உள்ள பிள்ளை என்றால் முதலில் குழந்தை டாக்டரைப் பாருங்கள்.

"ரெண்டும் சேர்த்துக் குடுக்கலாமா? ஒன்ன நிறுத்தினாதான் இன்னொன்னு குடுக்கணும்னு எங்க ஆயா (பாட்டி) சொல்லுது."

கொடுக்கலாம். இரண்டு பாலும் வயிற்றில் சேர்ந்தால் சண்டை போடாது, விஷமாகாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும், அப்புறம் மற்ற உணவோடு 2 வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்வது. முடிந்தவர்கள் அதையே செய்யுங்கள். ஆனால் முழுதாக முடியவில்லை என்பதற்காக இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை உங்கள் பால் குடித்தாலும் அந்த மூன்று வேளைக்கான நோய் எதிர்ப்புச் சக்தி பிள்ளைக்குப் போய்ச் சேரும்.

நான் பார்த்தவரை டப்பா பாலால் தாய்ப்பால் நின்ற வீடுகளைவிட, "டப்பாதான் ஆரம்பிச்சாச்சே, இனி எதுக்கு" என்று தாங்களாகவே நிறுத்திய வீடுகள்தான் அதிகம். இந்தப் பக்கத்தை எழுதுவதே அதற்காகத்தான்.

"எத்தனாவது மாசத்துல டப்பா ஆரம்பிக்கறது?"

எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது. முதல் ஒன்றரை மாதத்தில்தான் எவ்வளவு பால் சுரக்க வேண்டும் என்று உடம்பு கணக்குப் போட்டுக்கொள்கிறது. அந்த நாட்களில் டப்பா நுழைந்தால் கணக்கு குறைவாகவே நின்றுவிடும். வேலைக்குப் போகும் தேதிக்கு இரண்டு வாரம் முன்னால் பழக்கினால் போதும். மூன்று மாதம் முன்னாலேயே "பழகட்டும்" என்று ஆரம்பிப்பது தேவையே இல்லை.

அதற்கு முன் உங்கள் லீவை ஒழுங்காகக் கணக்குப் பாருங்கள். 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு லீவு உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருக்க வேண்டும். அந்த 26 வாரத்தில் அதிகபட்சம் 8 வாரத்தைப் பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம். முன்னால் எடுத்தது போக மிச்சம்தான் பிள்ளையோடு இருக்கும் நாள். உடம்பு இடம் கொடுத்துக் கடைசிவரை வேலைக்குப் போனவர்களுக்கு ஏறக்குறைய ஆறு மாதம் கையில் இருக்கும். ஆறு மாதத்தில் கஞ்சி, பருப்பு சாதம் தொடங்கிவிடுவதால் பகலுக்கு டப்பா கொஞ்சமாகத்தான் தேவைப்படும், சிலருக்குத் தேவையே படாது. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஒரு வருட லீவு.

"டப்பா வாங்காம என் பாலையே எடுத்து வெச்சுட்டுப் போக முடியாதா?"

முடியும். முதலில் யோசிக்க வேண்டியதே இதுதான். பம்பு இருந்தால் சரி, இல்லாவிட்டால் கை போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொதிநீரில் போட்டெடுத்த வாயகன்ற எவர்சில்வர் கிண்ணத்தை மார்புக்குக் கீழே பிடியுங்கள். காம்பைச் சுற்றிய கருவளையத்தின் ஓரத்தில் மேலே கட்டைவிரல், கீழே ஆட்காட்டி விரல். முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே அழுத்தி, அப்புறம் இரண்டு விரலையும் சேர்த்து அமுக்கி விடுங்கள். காம்பைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோலில் விரல் வழுக்கவும் கூடாது. ஒரு நிமிடம் ஒன்றும் வராது, அப்புறம் சொட்டும், அப்புறம் பீய்ச்சும். விரலைக் கடிகார முள் மாதிரி சுற்றி நகர்த்திக்கொண்டே வாருங்கள்.

முதல் நாள் பாலாடையில் (பிள்ளைக்குப் பால் புகட்டும், மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) பாதிகூட வராது. அதைப் பார்த்து அழுத பெண்களை எனக்குத் தெரியும். ஒரு வாரம் விடாமல், காலையில் பிள்ளை குடித்து முடித்த கையோடு எடுத்துப் பாருங்கள், கூடிக்கொண்டே வரும். நீங்கள் வீட்டில் இல்லாத ஒரு மணி நேரத்துக்கு சுமார் 30 மில்லி என்று கணக்கு. பத்து மணி நேரம் என்றால் 300 மில்லி, மூன்று பங்காக. அவ்வளவும் எடுக்க முடியாவிட்டால் எடுத்தது போக மீதி வேளைக்கு மட்டும் டப்பா.

"எடுத்த பால் எவ்ளோ நேரம் தாங்கும்? நம்ம ஊர் வெயில்ல?"

வெளியே வைத்தால் 4 மணி நேரம் தாங்கும் என்று பல இடங்களில் படித்திருப்பீர்கள். அது 25 டிகிரி அறைக்குச் சொன்னது. கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் வேலூருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. எடுத்தவுடன் ஃபிரிட்ஜில் வையுங்கள், கதவில் இல்லாமல் உள்பக்கமாக. நான்கு நாள் வரை இருக்கலாம் என்பது பொது விதி. கரண்ட் போய்ப் போய் வரும் நம் ஊரில் இரண்டு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டியில் இரண்டு வாரம் இருக்கும்.

கொடுக்கும்போது பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்க வேண்டும், அடுப்பில் வைக்கக் கூடாது. ஆடை மாதிரி மேலே பிரிந்து நிற்பது கொழுப்புதான், கெட்டுப்போனது இல்லை, மெதுவாகச் சுழற்றினால் சேர்ந்துவிடும். பிள்ளை வாய் வைத்த பாலை 2 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். வேலை இடத்தில் எடுத்த பாலை, உறைந்த ஐஸ் பேக் வைத்த பையில் வீட்டுக்குக் கொண்டு வரலாம். ஃபிரிட்ஜே இல்லாத வீடு என்றால் எடுத்து வைக்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஈர மணலில் வைத்த சொம்பு ஃபிரிட்ஜ் ஆகாது. அந்த வீட்டுக்குப் பகலில் புதிதாகக் கலக்கும் டப்பா பால்தான் பாதுகாப்பு.

"கம்பெனியில எங்க போய், எப்பப் போய் எடுக்கறது?"

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை தவிர, பால் கொடுக்க இரண்டு இடைவேளை தரவேண்டும் என்பது சட்டம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். இதைக் கேட்டால் சலுகை கேட்பது ஆகாது. தனியாகக் கேட்கத் தயக்கம் என்றால், உங்கள் லைனில் கைக்குழந்தை உள்ள இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் போங்கள்.

கழிவறையில் மட்டும் எடுக்காதீர்கள். ஸ்டோர் ரூம், முதலுதவி அறை, சாப்பாட்டு அறையில் ஒரு மூலை, ஒரு துப்பட்டா போதும். பஸ் ஸ்டாண்டுகளில் தாய்ப்பால் ஊட்டும் அறைகள் 2015-இல் தொடங்கப்பட்டன. பஸ் மாறிப் போகிறவர்கள் அங்கே உட்கார்ந்து எடுக்கலாம்.

எனக்கு மூத்தவள் பிறந்து மூன்றாம் மாதம் டியூட்டிக்குத் திரும்பிய முதல் வாரம், ஒரு மீட்டிங்கில் நான்கு மணி நேரம் எழுந்திருக்க விடவில்லை. ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கல் மாதிரி கட்டிக்கொண்டது. அன்று யாராவது ஒருவர் "போய்ட்டு வாம்மா" என்று சொல்லியிருக்கலாம். உங்கள் இடத்தில் அப்படிச் சொல்கிற ஆளாக நீங்கள் இருங்கள்.

"ஒரு வேளை டப்பா குடுத்தாலே என் பால் வத்திடுமாமே?"

பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் எடுத்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். அள்ள அள்ள ஊறும், அள்ளாமல் விட்டால் தூர்ந்துவிடும். மார்பிலும் அப்படித்தான். பால் தேங்கி நின்றால் "போதும்" என்று உடம்புக்குச் சேதி போகும், சுரப்பு குறையும். காலி செய்தால் மறுபடி சுரக்கும்.

அதனால் ஒரு வேளை டப்பா கொடுத்தால், அந்த ஒரு வேளைக்கான அளவுதான் குறையும். வற்றாது. அந்த நேரத்தில் நீங்கள் பால் எடுத்துவிட்டால் அதுவும் குறையாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. டப்பா கொடுத்ததால் பிள்ளை நீண்ட நேரம் தூங்கும், மார்பு தேங்கும், சுரப்பு குறையும், "பால் பத்தல" என்று இன்னொரு வேளை டப்பா ஏறும். இந்தச் சுழலில்தான் பால் நிற்கிறது. வீட்டில் இருக்கும் நேரத்தில் டப்பாவை எடுக்காமல் இருந்தால் சுழல் ஆரம்பிக்காது.

"அப்போ எந்த வேளைய டப்பாவுக்கு விடறது?"

நீங்கள் வீட்டில் இல்லாத வேளையை மட்டும். காலை ஏழு மணி வேனுக்குப் போய் மாலை ஆறரைக்கு வருகிறவர் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து மணிக்கு ஒருமுறை, கிளம்பும் முன் ஆறே முக்காலுக்கு ஒருமுறை மார்பில் கொடுங்கள். பகலில் ஆயா மூன்று வேளை கொடுப்பார், எடுத்து வைத்த பால் இருந்தால் அது முதலில், மீதிக்கு டப்பா. நீங்கள் வரும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து வயிறு நிறைய எதையும் கொடுக்க வேண்டாம் என்று ஆயாவிடம் சொல்லிவையுங்கள். கதவைத் திறந்ததும் பசியோடு பிள்ளை உங்களிடம் தாவ வேண்டும். அப்புறம் படுக்கும் முன், இரவில் எழும் போதெல்லாம். இரவுப் பாலை விடாதீர்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம்.

பழக்கும்போது ஒரே நாளில் மூன்று வேளையையும் மாற்ற வேண்டாம். ஒரு வேளையை மாற்றி நான்கைந்து நாள் விட்டு அடுத்தது. இல்லாவிட்டால் பால் கட்டிக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க மார்பிலேயே இருக்கட்டும். திங்கட்கிழமை காலையில் பால் கூடியிருப்பது உங்களுக்கே தெரியும்.

"எந்த டப்பா நல்லது? விலை கூடினதா?"

பிறந்த பிள்ளை முதல் 6 மாதம் வரை முதல் நிலை டப்பா. அட்டையில் 1 என்று போட்டிருக்கும். அந்த வயதுக்கான எல்லா டப்பாவும் ஒரே அரசுத் தரக் கட்டுப்பாட்டுக்குள்தான் வரும். விலை கூடியதால் மூளை கூடாது. மாதம் முழுக்க நிறுத்தாமல் வாங்க முடிகிற விலையில், உங்கள் ஊர் மெடிக்கலில் எப்போதும் கிடைப்பதாக, டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டு வாங்குங்கள். இந்தப் பாலுக்கு விளம்பரம் செய்வதும் இலவச மாதிரி கொடுப்பதும் 1992 சட்டப்படி குற்றம். யாராவது சும்மா கொடுத்தால் வாங்காதீர்கள்.

டீக்குப் போடும் பால் பவுடர் வேறு, இது வேறு. இரண்டையும் ஒன்று என்று நினைத்துக் கொடுத்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பசும்பால், எருமைப்பால், பாக்கெட் பால் எதையும் ஒரு வயதுக்கு முன் முக்கியப் பாலாகக் கொடுக்கக் கூடாது. அதில் உள்ள புரதமும் உப்பும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்குச் சுமை, இரும்புச்சத்தும் போதாது. "எங்க மாட்டுப் பால், கலப்படம் இல்ல" என்றாலும் இதே பதில்தான்.

"எப்படிக் கலக்கறது? ஆயா கண்ணளவுல போடுது."

கண்ணளவு கூடாது. டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியைத்தான் பயன்படுத்த வேண்டும். ஒரு டப்பாக் கரண்டியை இன்னொரு டப்பாவுக்கு மாற்றக் கூடாது, அளவு மாறும். முதலில் தண்ணீர், அப்புறம் பவுடர். கரண்டியில் குவியாமல், அமுக்காமல், சுத்தமான கத்தியின் முதுகால் மேலே வழித்துத் தலைதட்டிப் போட வேண்டும். எத்தனை மில்லிக்கு எத்தனை கரண்டி என்பது டப்பாவிலேயே இருக்கும். நான் அதை ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதி அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டச் சொல்வேன். பகலில் பார்த்துக்கொள்ளும் ஆயாவுக்குக் கண் மங்கலாக இருக்கும், டப்பா எழுத்து பொடியாக இருக்கும்.

தண்ணீர் கொதித்து இறக்கியதும், அரை மணி நேரத்துக்குள், அதாவது 70 டிகிரிக்குக் குறையாத சூட்டில் கலக்க வேண்டும். பவுடர் கிருமி நீக்கப்பட்டது இல்லை, அந்தச் சூட்டில்தான் கிருமி சாகும். கலக்கியபின் பாத்திரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். கலக்கி 2 மணி நேரம், பிள்ளை வாய் வைத்து 1 மணி நேரம், அதற்கு மேல் போனால் கொட்டிவிடுங்கள். காசு போகிறதே என்று மனசு அடித்துக்கொள்ளும். பேதிக்கு ஆஸ்பத்திரியில் படுத்தால் அதைவிடப் பல மடங்கு போகும்.

"போர் தண்ணி தான் நர்சம்மா. நல்லாக் கொதிக்க வெச்சா போதாதா?"

இங்கே மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு இன்னும் கெட்டிப்படும். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கம் தோல் தொழிற்சாலைக் கழிவு இறங்கிய நிலத்தடி நீரைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சட்டியின் அடியில் வெள்ளையாகப் படிவதை நீங்களே பார்க்கிறீர்கள். அந்தத் தண்ணீரில் கைக்குழந்தைக்குப் பால் கலக்காதீர்கள்.

காவிரிக் கூட்டுக் குடிநீர் வரும் தெருவாக இருந்தால் அதைப் பிடித்து வைத்துக் கொதிக்கவிட்டுக் கலக்குங்கள். இல்லாவிட்டால் சுத்திகரித்த தண்ணீர் அல்லது கேன் தண்ணீர். கேன் தண்ணீரையும் கொதிக்க வைத்தே தீரவேண்டும். பிள்ளை குடிக்கும் ஒரு நாள் பாலுக்குத் தேவையான தண்ணீர் ஒரு லிட்டர்கூட இருக்காது. குடும்பத்துக்கே வாங்க முடியாவிட்டாலும் அந்த ஒரு லிட்டரை மட்டும் தனியாக வையுங்கள்.

"டப்பா சீக்கிரம் தீந்துடுது. தண்ணி கொஞ்சம் கூட ஊத்தினா என்ன?"

ஊற்றவே கூடாது. ஒரு பிள்ளை நன்றாகக் குடிக்கிறது, நன்றாகத் தூங்குகிறது, ஆனால் தாய் சேய் நல அட்டையில் இரண்டு மாதமாக எடைக்கோடு படுத்தே கிடந்தது. வீட்டுக்குப் போய் ஆயாவைக் கலக்கிக் காட்டச் சொன்னேன். மூன்று கரண்டி போட வேண்டிய தண்ணீருக்கு ஒன்றரை போட்டார். மருமகள் சம்பளத்தில் டப்பா மாதம் முழுக்க வரவேண்டுமே என்ற கவலை அவருக்கு. கெட்ட எண்ணம் துளியும் இல்லை. ஆனால் பிள்ளை பட்டினி கிடந்திருக்கிறது. பவுடரைக் கூடப் போடுவதும் தப்புதான், மலம் இறுகும், உடம்பில் நீர் வற்றும்.

செலவைக் குறைக்க ஒரே நல்ல வழி, வீட்டில் இருக்கும் நேரத்தில் மார்பில் கொடுப்பது. மூன்று வேளைக்கு மட்டும் டப்பா என்றால் அது வெகுநாள் வரும். ஆனால் திறந்த டப்பாவை ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். திறந்த தேதியை மூடியில் எழுதிவிடுங்கள்.

"ரெண்டு பாலையும் ஒண்ணாக் கலந்து குடுக்கலாமா?"

கலந்தால் கெடுதல் இல்லை. ஆனால் மிச்சம் விழுந்தால் அதோடு உங்கள் பாலும் சேர்ந்து கொட்டப்படும். முதலில் உங்கள் பால், அது முடிந்தபின் டப்பா பால் என்று தனித்தனியாகக் கொடுங்கள். தண்ணீருக்குப் பதில் தாய்ப்பாலில் பவுடரைக் கொட்டிக் கலக்குவது மட்டும் கூடவே கூடாது, அளவு கெட்டுவிடும்.

"புட்டியா, பாலாடையா?"

பாலாடை. நான் யோசிக்காமல் சொல்லும் பதில் இது. சங்கு, பாலாடை, சின்ன டம்ளர் எதுவானாலும் கழுவிக் கொதிக்க வைப்பது சுலபம். புட்டியில் ரப்பரின் உள்பக்கம், கழுத்து மடிப்பு என்று அழுக்கு ஒளிய இடம் நிறைய. புட்டியில் பால் தானாக ஒழுகும், மார்பில் இழுத்துக் குடிக்க வேண்டும். சுலபமானது பழகினால் கஷ்டமானதைப் பிள்ளை மறுக்கும்.

பிள்ளையை மடியில் தலை உயர்த்தி உட்காரவைத்த மாதிரி பிடித்து, பாலாடை மூக்கைக் கீழ் உதட்டின் ஓரத்தில் வைத்துச் சாய்க்க வேண்டும். தொண்டையில் ஊற்றக் கூடாது. விழுங்கியதைப் பார்த்து அடுத்த வாய். மூக்கைப் பிடித்துக்கொண்டு புகட்டுவது எந்தக் காலத்திலும் தப்பு. புட்டிதான் என்று ஆகிவிட்டால், அதைக் கிடைமட்டமாகப் பிடித்து, நடுநடுவே நிறுத்தி, மெதுவாகக் கொடுங்கள். ரப்பரில் சின்ன ஓட்டை உள்ளதை வாங்குங்கள்.

"நான் கிட்ட வந்தா மட்டும் எதையும் வாங்க மாட்டேங்குது. மார்தான் வேணும்னு அழுவுது."

உங்கள் வாசனை தெரிகிறது, அதனால்தான். பழக்கும் நாட்களில் ஆயாவோ அப்பாவோ கொடுக்கட்டும், நீங்கள் அடுத்த தெரு வரை போய்விட்டு வாருங்கள். முழுப் பசியில் ஆரம்பிக்காமல் அரைப் பசியில் கொடுக்கச் சொல்லுங்கள்.

"பகல்ல ஆயாகிட்ட கொஞ்சம்தான் குடிக்குது, ராத்திரி பூரா என்னை விடல. எனக்குத் தூக்கமே இல்ல."

சில பிள்ளைகள் அம்மா வரும்வரை ஒப்புக்குக் குடித்துவிட்டு, இரவில் ஈடுகட்டும். பிள்ளைக்கு ஒன்றும் குறையில்லை. ஒரு நாளில் ஆறு முறைக்கு மேல் சிறுநீர் போகிறது, எடை ஏறுகிறது என்றால் கவலைப்படாதீர்கள். உங்கள் சுரப்புக்கும் இது நல்லது, காரணம் முன்பே சொன்னேன்.

ஆனால் தூக்கம் இல்லாமல் மெஷினில் உட்காரும் பெண்ணின் விரலை நினைத்தால் எனக்குப் பயம். பக்கத்தில் படுக்கவைத்து ஒருக்களித்துக் கொடுக்கப் பழகுங்கள். எட்டு மணிக்குச் சமையல், பாத்திரம் எல்லாவற்றையும் வீட்டில் மற்றவர்கள் பார்த்துக்கொண்டு உங்களைப் படுக்க விட வேண்டும். கணவன்மார் இதைப் படித்தால் இந்த வரியை இன்னொரு தடவை படியுங்கள்.

"பால் கட்டி, குளிர் காய்ச்சல் வந்துடுச்சு. இந்தப் பால் குடுக்கலாமா?"

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். கட்டிய பக்கத்தைக் காலி செய்வதுதான் முதல் வைத்தியம். குடித்தபின் வலிக்குக் குளிர்ந்த துணி வைத்துக்கொள்ளலாம், முரட்டுத்தனமாக உருவிவிடக் கூடாது. ஒரு நாளில் காய்ச்சல் விடவில்லை, மார்பு சிவந்து பரவுகிறது என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்துவிடுங்கள். பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மருந்து இருக்கிறது.

"வெயில்ல இருந்து வந்த சூட்டுப் பால் ஆகாது, பீய்ச்சிக் கொட்டிட்டுத்தான் குடுக்கணும்னு மாமியார் சொல்றாங்க. கம்பெனியில பசை வாடை வேற."

வெயிலில் வந்தாலும் பால் சூடாகாது, கெடாது, தேங்கியதால் புளிக்காது. பத்து மணி நேரம் காத்திருந்த பிள்ளைக்கு உரிய பாலைத் தரையில் கொட்ட வேண்டாம். ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்து கொடுங்கள்.

பசை விஷயம் வேறு. கை, முகம், மார்பு கழுவி, வேலைத் துணியை மாற்றிய பிறகுதான் பிள்ளையைத் தூக்க வேண்டும். பசை, கரைப்பான் வாடை அடிக்கும் இடத்தில் பால் எடுக்காதீர்கள். பால் கொடுக்கும் மாதங்களில் தையல், பேக்கிங் மாதிரி வேறு செக்‌ஷன் கேட்டுப் பாருங்கள். வாடையால் தலைசுற்றல், தலைவலி வருகிறது என்றால் கம்பெனி டாக்டரிடமோ இ.எஸ்.ஐ. டாக்டரிடமோ அவசியம் சொல்லுங்கள்.

"டப்பா ஆரம்பிச்சதுல இருந்து வெளிக்குப் போறது கெட்டியா இருக்கு."

கொஞ்சம் கெட்டியாக, வாடை கூடுதலாக, எண்ணிக்கை குறைவாக இருப்பது சகஜம். கூழாங்கல் மாதிரி வந்தால் கலக்கும் அளவைச் சரிபாருங்கள். ரத்தம், சளி, உடம்பெல்லாம் தடிப்பு, விடாத வாந்தி என்றால் பால் புரத ஒவ்வாமையாக இருக்கலாம், உடனே டாக்டர். வசம்பு, சர்க்கரைத் தண்ணீர், கிரைப் வாட்டர் எதுவும் வேண்டாம்.

"நான் பி.எச்டி. படிக்கிறேன். ஸ்டூடண்டுக்கு ஏது லீவு?"

முனைவர் பட்டம் படிக்கும் பெண்கள் படிப்புக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு விடுப்பு எடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு விதியிலேயே இருக்கிறது. நிறையப் பேருக்கு இது தெரியாமல், கைடு முகத்தைப் பார்த்துப் பயந்து ஒன்றரை மாதத்தில் லேபுக்குத் திரும்பிவிடுகிறார்கள். எழுத்தில் விண்ணப்பியுங்கள். பரீட்சை எழுதுகிறவர்கள் ஹாலுக்குப் போகுமுன் கொடுத்துவிட்டு, பிள்ளையோடு ஒருவரை வெளியே உட்காரவைத்து, மூன்று மணி நேரம் முடிந்ததும் வந்து கொடுக்கலாம். அதற்கு டப்பாவே வேண்டாம்.

"இன்னும் தூரமாகல. பால் குடுக்கறதால கரு தங்காது இல்ல?"

இந்தக் கேள்விக்குத் தப்பான பதிலை நம்பி, வேலைக்குப் போன நான்காம் மாதமே மறுபடி வாந்தியோடு வந்தவர்கள் உண்டு. பால் கொடுப்பது கருவைத் தடுக்க மூன்றும் சேர்ந்திருக்க வேண்டும்: பிள்ளைக்கு 6 மாதம் ஆகியிருக்கக் கூடாது, தீட்டு வந்திருக்கக் கூடாது, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே கொடுத்திருக்க வேண்டும். டப்பா நுழைந்த அன்றே மூன்றாவது போய்விட்டது.

கருத்தடைக்கான காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை மூன்றும் அரசு மருத்துவமனையில் இலவசம். பால் கொடுப்பவர்களுக்கும் ஏற்றவை. ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை முதல் 6 மாதத்தில் வேண்டாம், பால் குறையலாம்.

"நான் முழுசா டப்பாவுக்கே போயிட்டேன், மூணு வாரமாச்சு. மறுபடி பால் வருமா?"

வர வாய்ப்பு உண்டு. பிள்ளை சின்னதாக இருந்தால் வாய்ப்பு அதிகம். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை மார்பில் போட வேண்டும். பால் வராத மார்பைப் பிள்ளை இழுக்காதே என்பீர்கள். அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிள்ளை காம்பைப் பிடித்திருக்கும்போது, இன்னொருவர் பாலாடையால் மார்பின் மேலிருந்து சொட்டுச் சொட்டாகப் பாலை வழியவிட வேண்டும். வாய்க்குப் பால் வருவதால் பிள்ளை விடாமல் இழுக்கும், இழுப்பதால் சுரக்கும். நாள் ஆக ஆகச் சொட்டைக் குறைக்கலாம். எடையை வாரம் ஒருமுறை பார்த்துக்கொண்டே டப்பாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பெண்ணுக்கு நானும் அவள் மாமியாரும் மாறி மாறி இப்படிச் சொட்டுவிட்டோம். ஒன்பதாம் நாள் மாலை, மாமியார் பாலாடையைக் கீழே வைத்த பிறகும் பிள்ளை விழுங்குகிற சத்தம் நிற்கவில்லை.